டேப்லெட் வேண்டாமென்ற பதினேழு வீடுகள்

பாப்பா,

முப்பத்தொரு வயதில் இன்னும் என்ன பாப்பா என்று முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். தேவி என்று கூப்பிட்டால் எனக்குத் தானாகவே பழைய தலைமையாசிரியைக் குரல் வந்துவிடும், இன்றைக்கு அந்தக் குரலில் பேச எனக்கு யோக்கியதை இல்லை. காலையிலிருந்து மூன்று தடவை இந்தக் கடிதத்தை ஆரம்பித்துவிட்டேன். ஒரு தடவை உலை கொதித்தது, எழுந்தேன். அடுத்த தடவை ஒன்றும் கொதிக்கவில்லை, சும்மாவே எழுந்தேன். தெருமுனை லோபாக் கடைவரிசை வரைக்கும் நடந்து போய், எதற்கு வந்தோம் என்று மறந்து, வெறுங்கையோடு திரும்பினேன். உங்கப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்னா ஹெட்மிஸ்ட்ரஸ், ரோந்து முடிஞ்சிச்சா?" என்றார். அவருக்கு என்ன, உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை நீ கோலாலம்பூருக்குப் போகிறாய். அதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் பாதியிலேயே நான் உன்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நீ சமையலறைக்குள் வந்து ஒரு ஃபாரக் கட்டை மேசைமேல் போட்டாய். "இருபத்துமூணு பிள்ளைங்கம்மா. ஆறே ஆறு வீட்டுலதான் கையெழுத்து போட்டிருக்காங்க. பதினேழு வீட்டுல திடாக் செத்துஜு! சம்மதமில்லையாம்! ஓசியில வர்ற டேப்லெட்ட வேணாங்கிற ஜனங்கள எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்று கேட்டாய். உன் ஆத்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளியில், நான் பதினான்கு வருஷம் தலைமையாசிரியையாக இருந்த அதே பள்ளியில், நீ நாலு வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாய். அங்கே அறிவியலுக்குத் தனி ஆசிரியர் கிடையாது. சிரம்பானிலிருந்து ஒரு நல்ல ஆசிரியரைப் பிடித்து, அவர் பாடத்தைத் திரை வழியாகப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தவள் நீ. இன்டர்நெட் லைன் இல்லாத வீடுகளுக்காக எல்லாப் பாடத்தையும் டேப்லெட்டுக்குள் முன்கூட்டியே ஏற்றி வைத்தவள் நீ. அந்த டேப்லெட்டுகளுக்காக ஒரு அறக்கட்டளையின் படிக்கட்டை எத்தனை தடவை ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியும். "பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு மூடுது. பிள்ளைங்க மூளையுமா ஒரு மணிக்கு மூடணும்?" என்று நீ கேட்டபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னைக் குத்திவிட்டது. "தோட்டத்து ஜனங்க திருந்தவே மாட்டாங்கம்மா. நான் கே.எல். ஆபீஸ் வேலைக்கு ஓக்கே சொல்லிட்டேன். போதும்லா இவங்களோட மல்லுக்கட்டினது." நான் பதில் பேசவில்லை. அம்மாவும் ஒத்துக்கொண்டாள் என்று நினைத்து நீ குளிக்கப் போய்விட்டாய். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை தெரியுமா? கட்டின் மேலே இருந்த ஃபாரத்தில் பரமேஸ்வரி என்று கையெழுத்து இருந்தது. 'மே' யின் கொம்பை நீட்டிச் சுழித்து எழுதுவது அவள் பழக்கம். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தவள் நான். உனக்கு அவள் ஐந்தாம் வகுப்பு யோகிதாவின் அம்மா, செனவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவள், அவ்வளவுதான். எனக்கு அவள் யார் என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, உங்கப்பாவைத் தவிர.

கம்ப்யூட்டர் அறை நம் பள்ளிக்கு வந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. பத்து கம்ப்யூட்டர், ஏர்கோன், நீலத் திரைச்சீலை, பெரிய பூட்டு. ஒவ்வொரு பெட்டியின்மேலும் அரசாங்கச் சொத்து என்று ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. ஒன்று கெட்டாலும் கேள்வி என் பேருக்கு வரும். தோட்டப் பள்ளி என்றாலே இளக்காரமாகப் பார்க்கிறவர்கள், கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை பார் என்பார்கள். அந்தப் பேச்சை நான் வாங்கக் கூடாது என்று பூட்டினேன். சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். மாதத்துக்கு ஒரு நாள் திறப்பேன். சப்பாத்து வெளியே இருக்க வேண்டும், கையை சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும், நான் தொடச் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். ஒரு பெட்டிக்கு மூன்று பிள்ளைகள். ஒருத்தர் தட்டினால் மற்ற இரண்டு பேரும் கைகட்டிப் பார்ப்பார்கள். பார்வையிட வந்த அதிகாரிகளெல்லாம், "வாங்கினது மாதிரியே இருக்கே" என்று மெச்சினார்கள். எனக்கு நற்சேவைச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். நம் ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது அதுதான். நீ தினம் தூசி துடைக்கிறாயே, அதேதான்.

பரமேஸ்வரி, எங்களுக்குப் பரமு, அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா முனியாண்டி செம்பனைக் குலை வெட்டுகிறவர். மலாயில், கணக்கில், எதில் வேண்டுமானாலும் கேள், அந்தப் பிள்ளை முதல் ஆளாய்க் கை தூக்கும். சிரம்பானில் பள்ளிகளுக்கான கணினிப் போட்டி என்று கடிதம் வந்தபோது நானே அவள் பேரை எழுதி அனுப்பினேன். அனுப்பி என்ன செய்ய, மாதத்துக்கு ஒரு நாள் திறக்கிற அறையில் எங்கே பயிற்சி எடுப்பாள்? என் அறை வாசலில் வந்து நிற்பாள். "டீச்சர், அர மணி நேரம் தொறந்து விடுங்க டீச்சர். நான் ஒண்டிதான், யாரையும் கூட்டிக்கிட்டு வரமாட்டேன்." நாளைக்கு என்பேன். அடுத்த வாரம் என்பேன். கடைசியில், "பூசை முடியட்டும், போ" என்று விரட்டிவிட்டேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூசையைக் கம்ப்யூட்டர் அறையிலேயே வைத்தேன். வேலை செய்கிற சாமானை வைத்துக் கும்பிடுகிற நாள்தானே. உங்கப்பா மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வைப்பார், வெட்டுக்காரர்கள் அரிவாளுக்கு வைப்பார்கள். நான் பத்துப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, காலையிலேயே மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மனசு நிறையத் தெளித்தேன் என்று வைத்துக்கொள். பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். பூசைக்கு வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தேன். போட்டி அடுத்த நாள் காலையில். அந்தப் பிள்ளைக்கு வேறு வழி என்ன இருந்தது, சொல். எல்லோரும் சுண்டலுக்கு வரிசை பிடித்த நேரத்தில் உள்ளே போய் ஒரு பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டாள். பட்டென்று ஒரு சத்தம். கருகின நாற்றம். விளக்கெல்லாம் அணைந்துபோனது. நான் ஓடிப் போய்ப் பார்த்தால், விரல் நுனியில் குங்குமத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும், நீ அனுபவித்தவள். ஆனால் உன்மேல் நான் இந்த வார்த்தையை என்றும் விட்டதில்லை. அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "உங்கப்பன் ஆயுசுக்கும் குலை வெட்டினாலும் இதுக்கு ஈடாகுமா? இதெல்லாம் நீ தொடற சாமானா?" முனியாண்டி அங்கேதான் நின்றார். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகளின் பிடரியில் கையை வைத்து, "டீச்சர் கால்ல உளு" என்றார். பரமு விழுந்தாள். நான் காலை நகர்த்திக்கொள்ளவில்லை, பாப்பா. நின்றேன். போட்டிக்கும் அவளை அனுப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து ரிப்பேர்காரர் ஒருவர் வந்தார், மலாய்க்காரர், தன்மையான மனுஷர். பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சிக்கு, சியாப்பா தாரோ ஆயர் குஞிட்?" என்று கேட்டார். டீச்சர், மஞ்சள் தண்ணீரை யார் ஊற்றியது என்று கேட்கிறார். பலகையெல்லாம் மஞ்சள் கறை, காய்ந்துபோய்த் திட்டுத் திட்டாக. நான் தெளித்தது. யார் அன்றைக்கு அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தாலும் வெடித்திருக்கும், நானே அமுக்கியிருந்தாலும். எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டுப் போனார். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'மின்னல்' என்று எழுதினேன். அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. பரமுவைக் கூப்பிட்டு உன்மேல் தப்பில்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. சொன்னால் தலைமையாசிரியையின் மரியாதை போய்விடும் என்று பயந்தேன். அதுக்கப்புறம் அவள் கை தூக்குவதையே நிறுத்திவிட்டாள். அதையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினேன்.

இனிமேல் எழுதுவதுதான் உன்னைப் பற்றியது. அதே வருஷக் கடைசியில் நம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, உனக்காக. நீ அதன்மேல் தேத்தண்ணியைக் கொட்டினாய். இன்னொரு நாள் உள்ளே என்ன இருக்கிறது பார்க்கிறேன் என்று திருகாணியெல்லாம் கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் அழுதாய். நான் உன்னை அடித்தேனா? கால்ல விழச் சொன்னேனா? "விடு, கத்துக்கிறப்ப கெடத்தான் செய்யும்" என்று உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நீ கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பரமு உன்னைவிடக் கெட்டிக்காரி. கெடுத்துக் கற்றுக்கொள்ள உன்னை விட்டேன், அவளைத் தொடவே விடவில்லை. இன்றைக்கு நீ டேப்லெட் கொடுக்கிற பக்கத்தில் நிற்கிறாய், அவள் வேண்டாம் என்கிற பக்கத்தில் நிற்கிறாள். நடுவில் நின்றது நான். அதனால் தோட்டத்து ஜனங்கள் திருந்த மாட்டார்கள் என்று இனி என் காது கேட்கச் சொல்லாதே. எனக்குத் தாங்காது.

புதன்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். உங்கப்பாவைக் காரை எடுக்கச் சொல்லி ரெம்பாவுக்குப் போனேன். வழியெல்லாம், "என்னா சொல்லப் போற? என்னா சொல்லப் போற?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. பரமுவுக்கு அன்று வேலை இல்லை. என்னைப் பார்த்ததும் பதறிப்போய், காயப்போட்டிருந்த துணியை நாற்காலியிலிருந்து வாரிக்கொண்டு, "வாங்க டீச்சர், என்னா டீச்சர் இவ்ளோ தூரம், ஒரு போன் கோல் அடிச்சிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை. டேப்லெட் வேண்டாம் என்று எழுதினாயாமே, ஏன் என்று கேட்டேன்.

"ஐயோ, அது அரசாங்கத்து சாமான் மாதிரி டீச்சர். பிள்ளைங்க கையில குடுத்தா என்னாத்துக்கு ஆவறது? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, அதெல்லாம் நம்ம தொடற சாமான் இல்லேன்னு. மத்த வீட்டுலயும் ஃபாரத்த எங்கிட்டதான் படிக்கச் சொல்லிக் கொண்டாந்தாங்க. வம்பு வேணாம், போடாதீங்கன்னு நான்தான் சொன்னேன்." அவள் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, பாப்பா. குத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நன்றாகப் படித்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

அப்போதுதான் சொன்னேன். மஞ்சள் தண்ணீர், ரிப்பேர்காரர், மின்னல், எல்லாவற்றையும். அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நீ இல்லை, நான்தான், தெரிந்தும் மறைத்தேன் என்றேன். பரமு துணிக்குவியலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரு சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே, "அப்பா சாவுற வரைக்கும் நான்தான் கெடுத்தேன்னு நம்பிக்கிட்டு இருந்தாரு டீச்சர்" என்றாள். எழுந்து உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை, அது ஒன்றுதான் நான் அன்றைக்கு உருப்படியாகச் செய்தது.

திரும்பி வந்தவள் கையில் இன்னொரு ஃபாரம் இருந்தது, கையெழுத்துப் போடாத நகல். மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைப் படியுங்கள் என்று கடைசி வரியில் விரலை வைத்தாள். உடைந்தாலும் தொலைந்தாலும் முழுப் பொறுப்பு பெற்றோருடையது. மலாயில் தடித்த எழுத்தில், கீழே ஒரு கோடு வேறு. "இத எழுதினது யாரு டீச்சர்?" என்று கேட்டாள். எம் மவதான் என்றேன். "தேவி டீச்சர் நல்லவங்கதான். என் பிள்ளைக்கு உசுரு அவங்க மேல. ஆனா அவங்களுமே எங்கள நம்பல, இல்லியா டீச்சர்?" என்றாள். ஆபீசில் கிடந்த ஏதோ பழைய ஃபாரத்திலிருந்து அந்த வரியை நீ அப்படியே எடுத்துப் போட்டிருப்பாய். யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். உன் வாழ்க்கையில் எதையாவது கெடுத்ததற்கு யாராவது உன்னைப் பதில் கேட்டிருந்தால் அல்லவா அது உன் கண்ணில் படும்?

வீட்டுக்கு வந்து அறக்கட்டளைக்கு நானே போன் செய்தேன். கோபித்துக்கொள்ளாதே, நம்பர் உன் மேசைமேல் இருந்தது. உடைந்தால் அனுப்பி வையுங்கள், சரிசெய்து தருகிறோம் என்று முதல் நாளே உன்னிடம் சொன்னார்களாம். அப்புறம் எதற்குடி அந்த வரி? யாருக்குப் பயந்து போட்டாய்? பழக்கதோஷத்தில் நான் பரமு வீட்டிலேயே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காரில் ஏறியதும் உங்கப்பா, "ரிட்டையர்டான ஆளு கையெழுத்து செல்லுமா?" என்று கேட்டார். செல்லாது. எனக்கும் தெரியும். மாதக் கடைசிக்குள் பிள்ளைகள் கைக்குப் போகாவிட்டால் டேப்லெட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றும் போனில் சொன்னார்கள். வேறு ஏதாவது பள்ளிக்குப் போய்விடும். நம் பிள்ளைகள் மறுபடியும் ஒரு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதை அப்படியே போடப் போகிறேன், மின்னல் என்று எழுதிய பொய் உட்பட. பரமுவிடம் கேட்டேன். "அப்பா பேரையும் போடுங்க டீச்சர்" என்றாள். போட்டிருக்கிறேன். படித்துவிட்டு உன் சகாக்கள் என்ன நினைப்பார்கள் என்று நீ கூச்சப்படுவாய். நினைக்கட்டும். உங்கப்பா தட்டச்சு செய்து தருகிறேன் என்றிருக்கிறார், ஒரு விரலால் தட்டி முடிக்க மத்தியானம் ஆகும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் புறப்பட எழுந்தபோது யோகிதா பள்ளிவிட்டு வந்தாள். அந்த ஃபாரத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்று கேட்டாள்: "அத நான் ஒடச்சிட்டா திட்டுவீங்களா டீச்சர்?" மாட்டேன் கண்ணு என்றேன். அவள் நம்பவில்லை. திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள். பரமு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளை மறுபடியும் என் பக்கம் திரும்பி, "தேவி டீச்சர்?" என்று கேட்டாள். உன் சார்பில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ திங்கட்கிழமை கோலாலம்பூருக்குப் போ, போகாதே, அது உன் வாழ்க்கை, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது உன்னை. போய்ப் பதில் சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா